லாங்ஆர்ம் மெஷின்: ஃபிரேமா, மேசையா, இல்லை வெளியே கொடுத்துவிடலாமா?

ஊசிக்காது (கேரி, வட கரோலினா)

வணக்கம். குவில்டிங், அதாவது துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்துப் போர்வை செய்வது, எனக்குப் பொழுதுபோக்கு மட்டும்தான். விற்பதில்லை, விற்கும் எண்ணமும் இல்லை. வருஷத்துக்கு ஏழெட்டு முடிப்பேன். பெரும்பாலும் சோபாவில் போர்த்திக்கொள்ளும் அளவு, 60க்கு 75 அங்குலம். எப்போதாவது ஒரு குயின் சைஸ். இப்போது கையில் இருப்பது ஜூகி டிஎல்-2010க்யூ. துண்டுகளை இணைக்க அருமையான மெஷின். ஆனால் ஊசிக்கும் வலதுபக்கத் தூணுக்கும் நடுவே உள்ள இடம், அதாவது த்ரோட், 9 அங்குலம்கூட இல்லை. குயின் சைஸைச் சுருட்டி அதற்குள் திணித்துவிட்டால் நடுப்பகுதி தைக்கும்போது கை நகர வழியில்லை.

மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள், ஓர் அறை காலி. 11க்கு 13 அடி. 8,000 டாலர் வரை போகலாம். லாங்ஆர்ம், அதாவது நீண்ட த்ரோட் உள்ள குவில்டிங் மெஷின், ஃபிரேமில் நிற்கும் வகை வாங்கவா, உட்கார்ந்து தைக்கும் வகை வாங்கவா? இல்லை, மேல்துணியை மட்டும் தைத்துவிட்டு மீதியை வெளியே கொடுத்துவிடலாமா? வீட்டுக்காரரைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்கிறார். அது சம்மதமா எச்சரிக்கையா தெரியவில்லை.

டல்லாஸ்_சித்தி

ஃபிரேம். யோசிக்கவே வேண்டாம்.

காரணம் ஒன்றே ஒன்று: பேஸ்டிங், அதாவது தைப்பதற்கு முன் அடுக்குகளை நகராமல் பிணைத்து வைப்பது. மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் தரையில் விரித்து, முழங்கால் தேய நகர்ந்து நகர்ந்து இருநூறு முந்நூறு ஊக்கு குத்துகிறீர்களே, அந்த வேலையே ஃபிரேமில் கிடையாது. அடித்துணியையும் மேல்துணியையும் தனித்தனி உருளையில் மாட்டுவீர்கள், நடுப்பஞ்சு இடையில் தொங்கும். தைக்கத் தைக்க உருட்டிக்கொண்டே போவீர்கள். துணி இருந்த இடத்தில் இருக்கும், மெஷின்தான் நகரும். தாளில் பேனா ஓடுகிற மாதிரி. உட்கார்ந்து தைப்பது பேனாவை ஆடாமல் பிடித்துக்கொண்டு தாளை ஆட்டி எழுதுகிற வேலை.

ஸ்டிச் ரெகுலேட்டரும் உண்டு. சக்கரத்தில் இருக்கும் சென்சார் நீங்கள் எவ்வளவு வேகமாக நகர்த்துகிறீர்கள் என்று பார்த்து ஊசியை ஓட்டும். அங்குலத்துக்கு 10 தையல் என்று வைத்தால் மெதுவாகப் போனாலும் 10, வேகமாகப் போனாலும் 10. ஹேண்டி குவில்டரின் மாக்ஸி மாதிரி ஆரம்ப நிலை மெஷின், 15 அங்குல த்ரோட், 8 அல்லது 10 அடி ஃபிரேம். உங்கள் அறைக்குப் போதும்.

மடக்குமேசை (நியூ ஜெர்சி)

சித்தி, 11க்கு 13 அறையில் 10 அடி ஃபிரேம் "போதும்" என்று சொன்னது நீங்கள் மட்டும்தான். கதவு உள்பக்கம் திறக்குமே, அலமாரிக் கதவு, ஜன்னலுக்குக் கீழே ஹீட்டர், இதெல்லாம் கேட்டீர்களா? முன்பக்கம் நின்று கையால் வரைவதற்கு இடம் வேண்டும். பின்பக்கம் நின்று, டிசைன் அச்சிட்ட பேண்டோகிராஃப் தாளின் மேல் லேசர் புள்ளியை ஓட்டவும் இடம் வேண்டும். ஃபிரேமை மாட்டிய பிறகு அது விருந்தினர் அறை இல்லை. ஊரிலிருந்து அம்மா வந்தால் ஃபிரேமுக்குக் கீழேதான் பாய் போட வேண்டும்.

அப்புறம் அந்த 15 அங்குலம். அது முழுசாக உங்களுக்குக் கிடைக்காது. தைத்து முடித்த பகுதி சுருளாகச் சேர்கிற உருளை த்ரோட்டுக்குள்தானே இருக்கிறது? அது ஒரு பங்கைத் தின்னும், மெஷினின் உடம்பும் கொஞ்சம் தின்னும். குவில்ட் முடியப் போகும் நேரத்தில் சுருள் பருத்து, இன்னும் குறையும். பெரிய பூ வரைய ஆசைப்பட்டுப் பாதியில் உருட்டி, அதே இடத்தைச் சரியாகப் பிடித்துத் தொடர வேண்டும். உட்கார்ந்து தைக்கும் மெஷினில் 16 அங்குலம் என்றால் 16 அங்குலம். குவில்டை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். ஒரு கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நிறுத்தாமல் ஓட்டலாம்.

ஹேண்டி குவில்டரின் ஸ்வீட் சிக்ஸ்டீன், ஜூகியின் 18 அங்குல டிஎல்-18க்யூவிபி, பெர்னினா க்யூ20, எல்லாம் ஒரு மேசை, ஒரு நாற்காலி, அவ்வளவுதான். க்யூ20 புதிதாக 8,000க்குள் கிடைப்பது கஷ்டம், பழசு பார்க்கலாம். அதில் ஒரு வசதி: இன்று மேசையில் வைத்தாலும் நாளைக்கு ஃபிரேம் வாங்கி அதே தலையை அதன்மேல் ஏற்றலாம்.

டல்லாஸ்_சித்தி

ஊக்கு குத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கவனித்தேன்.

மடக்குமேசை

ஸ்ப்ரே.

டல்லாஸ்_சித்தி

குயின் சைஸுக்கு ஸ்ப்ரே அடித்துவிட்டு இரண்டு நாள் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். ஜனவரியில் நியூ ஜெர்சியில் எப்படி என்று சொல்லுங்கள்.

கணக்கு_வழக்கு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எதுவுமே வாங்க வேண்டாம் என்று சொல்ல ஒருவராவது வேண்டாமா?

வெளியே கொடுத்தால் ஓரம் முதல் ஓரம் வரை ஒரே டிசைன் ஓட்டித் தர, சதுர அங்குலத்துக்கு 2 முதல் 4 சென்ட் வரை கேட்கிறார்கள். இரண்டரை என்று வைப்போம். 60 × 75 என்றால் 4,500 சதுர அங்குலம், 112 டாலர் 50 சென்ட். 90 × 100 குயின் என்றால் 225 டாலர். ஆறு சின்னது, ஒரு பெரியது: 900 டாலர். நடுப்பஞ்சையும் நூலையும் எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள், அதைச் சேர்க்கவில்லை. 8,000 டாலர் மெஷின் அந்தக் கூலியைத் திருப்பித் தரவே ஒன்பது வருஷம் ஆகும். அதற்குள் சர்வீஸ், ஊசி, ரூலர், ரூலர் பிடிக்கத் தனி பேஸ், இன்னும் நாலு டிசைன் தாள்.

லாங்ஆர்மை வாடகைக்கு விடும் குவில்ட் கடைகளும் இருக்கின்றன. முதலில் ஒரு வகுப்பு, அதன் பிறகு மணிக்கணக்கில் வாடகை. ரிப்பேர் அவர்கள் தலைவலி. அறையும் உங்களுக்கே மிச்சம்.

மடக்குமேசை

கூலிக் கணக்கு பார்த்தால் யாரும் குவில்டே செய்ய மாட்டார்கள் சார். கடையில் 80 டாலருக்குப் போர்வை கிடைக்கிறது.

ஊசிமுனைத்_தவம்

கணக்கு சாரிடம் ஒரு சந்தேகம். மேலே போடுகிற தையல்தான் குவில்டிங். அதையே வெளியே கொடுத்துவிட்டு "நான் செய்த குவில்ட்" என்று எப்படிச் சொல்வது? கையாலேயே தைக்கிறவள் நான், அதனால் மெஷின் சண்டையில் எனக்குப் பங்கில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு உண்டு.

கணக்கு_வழக்கு

துணியையும் நிறத்தையும் தேர்ந்தெடுத்து, வெட்டி, நானூறு துண்டு சேர்த்தது யார்? வீடு கட்டியவர் பெயிண்டரை வைத்தால் வீடு பெயிண்டருக்கா போய்விடும்? போட்டிக்கு அனுப்பினால் தைத்தவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள், முடிந்தது.

மடக்குமேசை

போட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கென்டக்கியின் படூகாவில் ஏக்யூஎஸ் (அமெரிக்கன் குவில்டர்ஸ் சொசைட்டி) நடத்தும் போட்டியில் 1989ல் முதல் பரிசு வாங்கியது கேரில் பிரையர் ஃபாலர்ட் செய்த குவில்ட். மெஷினில் குவில்ட் செய்த ஒன்றுக்கு அங்கே அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை. அதுவரை கைத்தையல்காரர்கள் மெஷினை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது லாங்ஆர்ம் இல்லை, வீட்டுத் தையல் மெஷின். பெரிய மெஷின் இருந்தால்தான் நல்ல குவில்ட் என்பது டீலர்கள் பேச்சு.

டல்லாஸ்_சித்தி

அதே ஏக்யூஎஸ் இப்போது நகரும் மெஷினுக்குத் தனிப் பிரிவு, நகராத மெஷினுக்குத் தனிப் பிரிவு என்று வைத்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு வித்தை என்று நடுவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். நானும் அதைத்தான் சொல்கிறேன். ஊசிக்காது போட்டிக்குப் போகிறேன் என்று எங்கே சொன்னார்? முடிக்காத மேல்துணிகள் அலமாரியில் குவிந்திருக்கும், அதுதான் அவர் பிரச்சனை. சரியா?

ஊசிக்காது

குவிந்துதான் கிடக்கின்றன. எத்தனை என்று எழுத மாட்டேன், வீட்டுக்காரரும் இதைப் படிக்கிறார்.

தறிக்காரி (ஸ்கார்பரோ)

நான் வீட்டின் பேஸ்மெண்டில் 12 அடி ஃபிரேம் வைத்து மற்றவர்களுக்குத் தைத்துக் கொடுக்கிறேன். என் பிழைப்பு இது, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சித்தி ரெகுலேட்டரைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் பாதிதான். தையல் நீளத்தை அது பார்த்துக்கொள்ளும், டென்ஷனைப் பார்க்காது. புதிதாக ஃபிரேம் வாங்கியவர்கள் குவில்டை முடித்துக் கழற்றிப் புரட்டிப் பார்ப்பார்கள். வளைவு வருகிற இடமெல்லாம் அடியில் கண் இமை மாதிரி மேல்நூல் வளையம் வளையமாக இழுபட்டிருக்கும். பிரிப்பதற்கு ஒரு வாரம். அதனால் ஒவ்வொரு பாபின் மாற்றும்போதும் பாபின் கேஸின் டென்ஷனைப் பாருங்கள், அதை அளக்கும் டவா கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேல்துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தில் நாலு வட்டம் தைத்து, கையைக் கீழே விட்டு அடிப்பக்கத்தைத் தடவுங்கள். வழவழவென்று இருந்தால் போகலாம், நெருடினால் நிறுத்துங்கள்.

இன்னொன்று, துணியை மத்தளம் மாதிரி இழுத்துக் கட்டக் கூடாது. கீழேயிருந்து ஒரு விரலால் தள்ளி, அந்த விரல்நுனியை மேலேயிருந்து துணியோடு சேர்த்துப் பிடிக்க முடிய வேண்டும். அவ்வளவு தளர்ச்சி தேவை. இறுக்கினால் தையல் விட்டுவிட்டு விழும், நூல் பிய்யும், உடனே மெஷின் சரியில்லை என்று டீலருக்குப் போன் போகும்.

நம் ஆட்களுக்காக ஒன்று: என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் அடித்துணிக்கு அம்மாவின் பழைய காட்டன் சேலையைக் கொண்டுவருகிறார்கள். ஆசை புரிகிறது, தாராளமாகச் செய்யலாம். ஆனால் துவைத்துத் துவைத்து நெசவு நெகிழ்ந்த துணி ஃபிரேமில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். சரிகைக் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஊசி அங்கே முனை மழுங்கும், சில நேரம் உடையும். சேலை அகலம் 45 அங்குலத்துக்குப் பக்கத்தில்தான் வரும், அதனால் இரண்டு பாகம் ஒட்டாமல் முடியாது. ஒட்டும் தையல் உருளைக்கு இணையாக, படுத்தவாக்கில் வர வேண்டும். செங்குத்தாக வந்தால் உருளையில் சுற்றச் சுற்ற நடுவில் மட்டும் மேடு கட்டி, இரண்டு பக்கமும் தொய்யும். எல்லாப் பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக விடுங்கள். சுங்குடி சிவப்பு என்றால் முதலில் தனியாக நனைத்துச் சாயம் போகிறதா பாருங்கள். வெள்ளை மேல்துணி ரோஜா நிறத்தில் திரும்பி வந்தால் என்னைத் திட்டக் கூடாது.

ஊசிக்காது கேட்டதற்கு என் பதில்: இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, அதை யாருமே சொல்லவில்லை. உட்கார்ந்து தைக்கும் மெஷின் வாங்குங்கள். பெரிய குவில்ட் வரும்போது லாங்ஆர்ம் வைத்திருப்பவரிடம் பேஸ்டிங்குக்கு மட்டும் கொடுங்கள். அகலமாக நூலோட்டிக் கொடுத்துவிடுவோம், முழுக் குவில்டிங்குக்கு ஆகும் கூலி ஆகாது. ஊக்கும் வேண்டாம், ஸ்ப்ரேயும் வேண்டாம். தையல் உங்கள் கையால்.

டல்லாஸ்_சித்தி

தறிக்காரி, நீங்களே 12 அடி ஃபிரேமில் நின்றுகொண்டு மற்றவர்களை மேசைக்கு அனுப்புகிறீர்கள்!

தறிக்காரி

பிழைப்புக்கு ஃபிரேம், சித்தி. என் சொந்தக் குவில்டை உட்கார்ந்துதான் தைக்கிறேன். நாள் முழுக்க நின்ற காலுக்கு அப்புறம் எதுவும் வேண்டியிருக்காது. ஆனால் கழுத்துவலி, தோள்வலி உள்ளவர்களுக்கு நின்று தைப்பதுதான் சுகம். குவில்டின் கனத்தை மேசைமேல் இழுத்து இழுத்துத் தோள் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். உடம்பைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கணக்கு_வழக்கு

எதை வாங்கினாலும் டீலர் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் விலை குறைவு என்று வேறு மாநிலத்திலிருந்து பழைய மெஷின் எடுத்துவந்தார். டைமிங், அதாவது ஊசியும் அடியில் உள்ள கொக்கியும் சேரும் நேரக்கணக்கு, போனதும் பக்கத்து ஊர்க் கடை "எங்களிடம் வாங்கவில்லையே" என்று கைவிரித்துவிட்டது. இப்போது அதன்மேல் துணி காய்கிறது.

டல்லாஸ்_சித்தி

அதற்காகப் பழசே வேண்டாம் என்று சொல்லக் கூடாது. காமில், ஏபிக்யூஎஸ் மாதிரிக் கனமான மெஷின்கள் பல வருஷம் ஓடியும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. டைமிங் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம், அது ஒன்றும் ராக்கெட் இல்லை. ஹூஸ்டனில் இலையுதிர் காலத்தில் நடக்கும் இண்டர்நேஷனல் குவில்ட் ஃபெஸ்டிவலுக்கு வந்தால் பல கம்பெனி மெஷின்களை ஒரே கூரையின் கீழ் ஓட்டிப் பார்க்கலாம். கண்காட்சியில் வைத்திருந்த மெஷினைக் கடைசி நாளில் குறைத்துத் தருகிறவர்களும் உண்டு. என் வீட்டில் தங்கலாம்.

ஊசிக்காது

எல்லோருக்கும் நன்றி. இரவு அறையில் 10 அடி நீளத்துக்கும் 4 அடி அகலத்துக்கும் தரையில் டேப் ஒட்டிப் பார்த்தோம். அலமாரிக் கதவு பாதிதான் திறக்கிறது. 8 அடி என்றால் முழுசாகத் திறக்கிறது, ஆனால் மெஷின் இரண்டு ஓரத்திலும் நிற்க இடம் விட்டால் குயின் சைஸ் நடக்காது போலிருக்கிறது. அடுத்த வாரம் இங்கே ஒரு கடையில் வாடகை மெஷின் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அதே ஊரில் க்யூ20 காட்டுகிற கடையும் இருக்கிறது.

மடக்குமேசை

அலமாரிக் கதவே தீர்ப்புச் சொல்லிவிட்டதே.

டல்லாஸ்_சித்தி

அலமாரிக் கதவைக் கழற்றித் திரைச்சீலை போடலாம். பத்து நிமிஷ வேலை.

தறிக்காரி

ஊசிக்காது, எந்தக் கடைக்குப் போனாலும் அவர்கள் மாட்டி வைத்திருக்கும் துண்டுத் துணியில் தைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அதற்கென்றே டென்ஷன் வைத்திருப்பார்கள், எல்லா மெஷினும் வெண்ணெய் மாதிரி ஓடும். நீங்கள் வழக்கமாக வாங்கும் நூலும், உங்கள் நடுப்பஞ்சில் ஊக்கு குத்திய குவில்ட் ஒன்றும் கொண்டுபோங்கள். கடைக்காரரைச் செய்ய விடாமல் நீங்களே நூல் கோர்த்து, பாபின் மாற்றி, ஒரு மணி நேரம் தையுங்கள். முடிந்ததும் அங்கேயே புரட்டி அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.