கைமாறி வந்த ஆப்டிமிஸ்ட்: பாயில் குறுக்கு மடிப்பு, பூம் வழுக்கி இறங்குகிறது, மாஸ்ட் கழன்று வருகிறது

மெரினாக்காற்று

வணக்கம். கைமாறி வந்த ஒரு ஆப்டிமிஸ்ட் (பிள்ளைகள் தனியாக ஓட்டும் சின்னப் பாய்மரப் படகு) படகைப் பூட்டிக்கொண்டிருக்கிறோம். ஃபைபர் உடல், அலுமினிய மாஸ்ட் (நிமிர்ந்து நிற்கும் பாய்மரம்), பூம் (பாயின் கீழ்விளிம்போடு ஓடும் கம்பு), ஸ்பிரிட் (பாயின் உயர்ந்த மூலையைத் தூக்கிப் பிடிக்கும் சாய்வுக் கம்பு), ஒரு பாய், ஒரு பை நிறையக் கயிறு. எந்தக் கயிறு எதற்கு என்று குறிப்பு ஏதுமில்லை. ஓட்டப்போவது 38 கிலோ எடையுள்ள 11 வயதுப் பெண். படங்களைப் பார்த்துக் கட்டியதில் மூன்று சிக்கல்கள்:

மாஸ்ட் உச்சியை ஒட்டிய மூலையிலிருந்து பூமின் பின்முனை வரை பாயில் நீளமாக ஒரு மடிப்பு. ஸ்பிரிட்டை இறுக்கினால் போகிறது, பத்து நிமிடத்தில் திரும்பி வருகிறது.

பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வேங் கயிற்றை இழுத்தால் பூம் மாஸ்டிலேயே வழுக்கிக் கீழே இறங்கிவிடுகிறது.

மாஸ்டைப் பிடித்து மேலே தூக்கினால் தடையில்லாமல் வெளியே வந்துவிடுகிறது. அது அப்படித்தானா?

பாயை மாஸ்டோடு கட்டும் சின்னக் கயிறுகளை எவ்வளவு இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

---

கப்பிக்கயிறு

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் ஆபத்தானது. மாஸ்ட் அப்படி வரவே கூடாது.

படகு முழுதாகக் கவிழ்ந்து மாஸ்ட் தலைகீழாகத் தொங்கும்போது அதன் அடி, தரையில் உள்ள குழியிலிருந்து நழுவும். ஆனால் குறுக்குப் பலகையின் துவாரத்துக்குள் இன்னும் இருக்கும். அந்த நிலையில் படகை நிமிர்த்தினால் பாயில் ஏறும் காற்று முழுவதும் அந்தப் பலகையை நெம்பும். பலகை பிளக்கும், இல்லையென்றால் மாஸ்ட் அடி படகின் தரையைக் குத்திக் கிழிக்கும். பலகைக்கு அடியில் மாஸ்டைச் சுற்றிப் பூட்டும் கிளாம்ப் கிடைக்கிறது. அது வரும்வரை, மாஸ்டில் பலகைக்குச் சற்று மேலே இருக்கும் ஏதாவது ஒரு பொருத்துப் பாகத்தையும் பலகையையும் சேர்த்து 4 மி.மீ. கயிற்றால் இறுகக் கட்டுங்கள். கட்டியபின் புல்தரையில் படகைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒருவர் மாஸ்டைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். அடி குழியை விட்டு வெளியேறக் கூடாது.

இரண்டாவது சிக்கலுக்குக் காரணம், பூம் பிரிவென்டர் இல்லாதது. உங்கள் பையில் ஒரு முனையில் சுருக்கு உள்ள ஒரு குட்டைக் கயிறு இருக்கும், தேடுங்கள். மாஸ்டின் முன்பக்கம், பூமுக்கு மேலே ஒரு முளை துருத்திக்கொண்டிருக்கும். பூமின் கவட்டை மாஸ்டைக் கவ்வியிருக்க, கவட்டையிலிருந்து கிளம்பும் அந்தக் கயிறு முளையில் மாட்டி, பூம் கீழே போகாமல் தொங்கவிடும். வேங் பூமைக் கீழே இழுக்கிறது, பிரிவென்டர் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிறது. பாயின் முன்விளிம்பு எவ்வளவு இறுக்கம் என்பதை முடிவு செய்வதே இந்தக் கயிற்றின் நீளம்தான். கயிற்றை முறுக்கினால் நீளம் குறையும், பூம் உயரும், முன்விளிம்பு தளரும். முறுக்கைப் பிரித்தால் எதிர்மாறு. காற்று குறைந்த நாளில் இரண்டு மூன்று முறுக்கு கூடுதல், காற்று ஏறினால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம்.

அளவு சரியா என்று பாயே காட்டிவிடும். மாஸ்டை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு ஓடினால் இறுக்கம் அதிகம். ஒவ்வொரு கட்டிலிருந்தும் படுக்கையாகச் சின்னச் சின்னச் சுருக்கங்கள் கிளம்பினால் இறுக்கம் போதவில்லை.

---

பருமல்

கட்டுகளைப் பற்றி நான் எழுதுகிறேன். முதல் மடிப்புக்கும் அதில் தொடர்பு இருக்கலாம்.

மூலைகளின் பெயரை முதலில் ஒத்துக்கொள்வோம்: மாஸ்ட் உச்சியில் உள்ளது த்ரோட், ஸ்பிரிட் நுனி நுழையும் உயர்ந்த மூலை பீக், பூமும் மாஸ்டும் சேருமிடம் டேக், பூமின் பின்முனை க்ளூ.

மாஸ்ட், பூம், பாய் மூன்றையும் தரையில் பரப்பி, த்ரோட்டிலிருந்து தொடங்குங்கள். அங்கே இரண்டு கட்டு வேண்டும். ஒன்று மாஸ்டைச் சுற்றிப் படுக்கையாக. மற்றது மாஸ்ட் உச்சித் துவாரம் வழியாகச் சாய்வாக. சாய்வுக் கயிறு பாயை மேலே தூக்கிப் பிடிக்கிறது, படுக்கைக் கயிறு மாஸ்டோடு ஒட்டவைக்கிறது. ஒரே கயிற்றால் இரண்டு வேலையும் செய்யப் பார்த்தால் இரண்டுமே நடக்காது. மாஸ்ட் மேல்பகுதியில் இரண்டு வண்ணப் பட்டைகள் இருக்கும். பாயின் முன்விளிம்பில் உள்ள அளவுக்கோடு அந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். போட்டி விதியும் அதுதான்.

அடுத்து டேக். அங்கேயும் மாஸ்டோடு ஒரு கட்டு, பூமோடு ஒரு கட்டு. பிறகு க்ளூ: பூமைச் சுற்றிய கட்டு பாயைப் பூமோடு நெருக்கமாகப் பிடிக்க வேண்டும், ஆனால் முன்னும் பின்னும் நகர வேண்டும். அப்போதுதான் அவுட்ஹால் கயிறு பாயின் கீழ்விளிம்பை இழுக்கவும் தளர்த்தவும் முடியும்.

மூலைகள் முடிந்த பிறகே இடைக்கட்டுகள். 2 மி.மீ. நீளாத கயிறு, ரீஃப் முடிச்சு, அதற்குமேல் ஒரு காப்பு முடிச்சு. மூலைகளில் இடைவெளி கிட்டத்தட்ட இல்லை என்னும் அளவுக்கு. நடுவில் 2 முதல் 4 மி.மீ. வரை விடலாம். எல்லாவற்றையும் ஒரே அளவில் இறுக்கிக் கட்டுவதுதான் பலரும் செய்வது. பாயின் முன்விளிம்பு நேர்க்கோடாக வெட்டப்பட்டதல்ல, மாஸ்டும் காற்றில் வளைகிறது. நடுவில் அந்த மூச்சு இல்லையென்றால் பாய் அங்கே தட்டையாகிவிடும். எங்குமே 10 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, அது விதியை மீறியதாகும்.

புதுக் கயிறு முதல் நனைவிலேயே சற்று இளகும். ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து எல்லாக் கட்டையும் மறுபடி பாருங்கள்.

---

மெரினாக்காற்று

பிரிவென்டர் கிடைத்தது. பையில் இருந்ததை ஷூ லேஸ் மாதிரி ஏதோ என்று ஒதுக்கி வைத்திருந்தோம். த்ரோட்டில் ஒரே கயிறுதான் இருந்தது, மாற்றிவிட்டேன். மாஸ்டும் கட்டியாயிற்று.

ஸ்பிரிட்டை நன்றாக இறுக்கினால் இப்போது வேறு திசையில், பீக்கிலிருந்து டேக் வரை மடிப்பு விழுகிறது. கொஞ்சம் விட்டால் பழைய மடிப்பு. மெயின்ஷீட் (பூமை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் கையில் பிடிக்கும் கயிறு) போடும் விதமும் சொல்லுங்களேன்.

---

கப்பிக்கயிறு

ஸ்பிரிட் தாங்கும் பாயில் அந்த இரண்டு மடிப்புகள்தான் உங்கள் அளவுகோல். த்ரோட்டிலிருந்து க்ளூவுக்கு விழுந்தால் ஸ்பிரிட் தளர்வு. பீக்கிலிருந்து டேக்குக்கு விழுந்தால் இறுக்கம் அதிகம். கரையில் நிற்கும்போது இரண்டாவது மடிப்பு மிகச் சன்னமாகத் தெரியும் அளவுக்கு இறுக்குங்கள். கடலில் பாய்க்குச் சுமை ஏறியதும் அது மறைந்துவிடும்.

திரும்பத் திரும்பத் தளர்வதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஸ்பிரிட் கயிறு நீளும் சாதாரண நைலானாக இருக்கும், டைனீமா (எளிதில் நீளாத இழை) உள்ளீடுள்ள 4 மி.மீ. கயிறாக மாற்றுங்கள். கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளீட்டின் பற்கள் தேய்ந்திருக்கும். கயிற்றில் பிடிமானம் உள்ள இடத்தில் ஒரு பேனாக் கோடு போட்டுவிட்டு அரைமணி கழித்துப் பார்த்தால் கிளீட் வழுக்குகிறதா, கயிறு நீள்கிறதா என்று தெரிந்துவிடும். மூன்றாவது, பீக்கில் ஸ்பிரிட் நுனி முழுதாக உட்காராமல், சுமை வந்தபிறகு உள்ளே போயிருக்கும்.

வரிசையும் முக்கியம். படகின் மூக்கு காற்றை நோக்கி, வேங்கும் மெயின்ஷீட்டும் முழுதாகத் தளர்ந்திருக்க, ஸ்பிரிட்டின் மேல்நுனியை முதலில் பீக்கில் நுழைத்து, அடிமுனையைக் கயிற்றுச் சுருக்கில் வைத்து இறுக்குங்கள். அதன் பிறகே வேங். வேங் இறுக்கிய நிலையில் ஸ்பிரிட்டை இழுத்தால் முழுப்பாயோடும் மல்லுக்கட்டுகிறீர்கள். கயிறு சூடாகிறதே தவிர பாய் நகராது.

ஒரு விதிவிலக்கு. 38 கிலோ எடைக்குச் சென்னைக் கடலில் பிற்பகல் கடற்காற்று வலுத்தால் பாய் அதிகமாகிவிடும். அப்போது ஸ்பிரிட்டை வேண்டுமென்றே கொஞ்சம் தளர்த்தி த்ரோட்-க்ளூ மடிப்பை விழவிடுவார்கள். பாயின் மேல்பகுதி காற்றை விட்டுவிடும், படகு சாய்வது குறையும். அழகாக இருக்காது, ஆனால் பிள்ளையால் ஓட்ட முடியும்.

மெயின்ஷீட்: பூமின் கீழ்ப்பட்டையில் ஒரு கப்பி, தரையில் ராட்செட் கப்பி (ஒரு திசையில் மட்டும் சுழலும் கப்பி). தரைக் கப்பியின் கண்ணில் ஒரு முனையைக் கட்டி, பூம் கப்பி வழியாக மேலேறி, ராட்செட் வழியாக வந்தால் இரண்டு மடங்கு பலம். காற்று வலுத்தால் முனையைப் பூமில் கட்டி, தரையில் இன்னொரு கப்பி சேர்த்து மூன்று மடங்காக்கலாம். கயிற்றை இழுக்கும்போது ராட்செட் டிக் டிக் என்று ஒலிக்க வேண்டும். ஒலி இல்லையென்றால் தலைகீழாகக் கோத்திருக்கிறீர்கள், அல்லது பொத்தான் அணைந்திருக்கிறது. பூமைப் படகுக்குச் செங்குத்தாகத் தள்ளிவைத்து, அங்கே கயிற்றின் முனை கப்பியில் தட்டி நிற்கும்படி ஒரு எட்டு முடிச்சு போடுங்கள்.

மாஸ்டின் சாய்வு: மாஸ்ட் உச்சியிலிருந்து பின்பலகையின் மேல்விளிம்பு நடுவுக்கு டேப் பிடித்து அளப்பார்கள். 2.72 முதல் 2.85 மீட்டர் வரை பாய் தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும். இப்போதைக்கு 2.78ல் வைத்து ஓட்டுங்கள். சுக்கான் பிடித்த கை ஓயாமல் இழுபட்டால், மாஸ்டை ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ளிப் பாருங்கள்.

---

உப்புக்கரை

பாயைப் பற்றியே பேசிவிட்டீர்கள், உடலையும் பாருங்கள்.

மிதவைப் பைகள் மூன்று, இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று, பின்பலகையை ஒட்டி ஒன்று. கவிழ்ந்த படகைப் பிள்ளை தனியாக நீர் இறைத்து மீட்பது இந்த மூன்றும் நிரம்பியிருப்பதைப் பொறுத்தது. மாலையில் ஊதி, காலையில் அழுத்திப் பாருங்கள். கசிந்தால் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். நிழலில் கெட்டியாக ஊதி வெயிலில் விட்டால் காற்று விரிந்து தையல் பிரியும். கரையில் இருக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள். பட்டைகள் நைந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அவிழ்ந்த பை படகுக்கு மேலே மிதந்து போய்விடும்.

இழுகயிறு மிதக்கும் வகையாக, குறைந்தது 5 மி.மீ. தடிமன், 8 மீட்டர் நீளம், குறுக்குப் பலகையில் அல்லது மாஸ்ட் குழியில் கட்டியிருக்க வேண்டும். தண்ணீர் இறைக்கும் குவளை, துடுப்பு, டேகர்போர்டு (படகின் நடுவே நீருக்குள் இறக்கும் பலகை), மூன்றும் படகோடு கயிற்றால் கட்டியிருக்க வேண்டும். சுக்கானைப் பூட்டிவிட்டு மேலே தள்ளிப் பாருங்கள், கொக்கி பிடித்துநிற்க வேண்டும். கால் கொடுத்துச் சாயும் பட்டைகளின் முடிச்சுகளை உங்கள் முழு எடையையும் போட்டுச் சோதியுங்கள். அந்தப் பெண் பின்னால் சாய்ந்திருக்கும்போது அவிழக் கூடாது.

மாஸ்ட், பூம் முனைகளின் அடைப்பான்கள் நீர் புகாதபடி இருக்கின்றனவா என்று குலுக்கிப் பாருங்கள். உள்ளே சளசளத்தால் நீர் இருக்கிறது. நீர் புகுந்த மாஸ்ட் கவிழ்ந்த படகைச் சட்டென்று தலைகீழாக்கிவிடும்.

முதல் நாள் ஆழமில்லாத அமைதியான நீரில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, படகை நீங்களே கவிழ்த்து மீட்டுப் பாருங்கள். மாஸ்ட் கட்டு, பைகள், சுக்கான் கொக்கி எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். திரும்பியதும் நல்ல தண்ணீரால் கழுவி, அலுமினியத்தில் ரிவெட் அடித்த இடங்களைக் குறிப்பாக அலசி, பாயைக் காயவைத்துச் சுருட்டுங்கள், மடிக்காதீர்கள்.