ஐடிஐஎல் சர்ட்டிபிகேட் எடுத்தா வேலைக்கு உதவுமா?

நைட்ஷிப்ட்வாசி:
சென்னைல சர்வீஸ் டெஸ்க்ல எல்1 (முதல் கட்ட சப்போர்ட்), நாள் முழுக்க பாஸ்வேர்ட் ரீசெட், விபிஎன் டிக்கெட் தான். இன்சிடென்ட் மேனேஜரா (கோளாறு வந்தா சரி பண்ற வேலைய ஒருங்கிணைக்கிறவர்) போகணும்னு ஆசை, பாக்குற போஸ்டிங்ல எல்லாம் ஐடிஐஎல் 4 ஃபவுண்டேஷன் (ஐடி சர்வீஸ நடத்துற முறைக்கான அடிப்படை சர்ட்டிபிகேட்) கேக்குறாங்க. சொந்தக் காசு போட்டு எழுதலாமா?

குமரிக்காரன்:
எழுதுங்க ப்ரோ, ஆனா கம்பெனி காசுல. சில இடத்துல பாஸானா ஃபீஸ திருப்பித் தருவாங்க, மேனேஜர்கிட்ட முதல்ல கேட்டுப் பாருங்க. 40 கேள்வி, 60 நிமிஷம், 26 சரியா இருந்தா பாஸ். பரீட்சை நடத்துற பீப்பிள்செர்ட் 2023ல இருந்து 3 வருஷத்துக்கு ஒருதடவ ரினியூ பண்ணணும்னு ஆக்கிட்டாங்க, அந்த செலவையும் சேத்து கணக்கு போடுங்க.

மேஜர்இன்சிடென்ட்:
நான் இன்டர்வியூ எடுக்குற ஆளு. சர்ட்டிபிகேட் இருந்தா ஹெச்ஆர் ஃபில்டர தாண்டி வந்துருவீங்க, அவ்ளோதான். நான் கேக்குறது, திங்கக்கிழமை காலைல ஆபீஸ் பூரா மெயில் வரல, என்ன பண்ணுவீங்க? சர்வர ரீஸ்டார்ட் பண்ணி மெயில் வந்துருச்சுன்னா இன்சிடென்ட் க்ளோஸ், சரி, ஆனா அந்த சர்வரோட டிஸ்க் ஏன் வாராவாரம் ஃபுல் ஆகுதுன்னு ப்ராப்ளம் டிக்கெட் போட்டு விடாம துரத்துனவர், நடுவுல யூசர்ஸுக்கு அரைமணிக்கு ஒருதடவ அப்டேட் அனுப்புனவர், அவரைத்தான் எடுப்பேன். இப்பவே லீட்கிட்ட கேட்டு பிரிட்ஜ் கால்ல (பெரிய கோளாறு வந்தா எல்லா டீமும் சேர்ற கான்ஃபரன்ஸ் கால்) உக்காந்து, எப்போ என்ன நடந்துச்சுன்னு டைம்லைன் எழுதிப் பழகுங்க தம்பி.

சுபா:
சர்வீஸ்நவ்ங்கிற டிக்கெட் டூலோட அட்மின் சர்ட்டிபிகேட் சிஎஸ்ஏவையும் பாருங்க. அவங்க டெவலப்பர் இன்ஸ்டன்ஸ் (பழகிப் பாக்குற காப்பி) ஃப்ரீயாவே கிடைக்குது, வீட்டுலயே எஸ்எல்ஏ (டிக்கெட்ட முடிக்க வேண்டிய கெடு), அசைன்மென்ட் ரூல் (டிக்கெட் யாருக்குப் போகணுங்கிற விதி) எல்லாம் செட் பண்ணிப் பாக்கலாம். டூல்ல கை வச்சுட்டு ஐடிஐஎல் படிச்சா சட்டுன்னு மண்டையில ஏறும்.