புதுப்பிப்பு: தாய்லாந்து பயணத்துக்கு பாட் மாற்றியது

தாய்லாந்துப் பணமான பாட்டைச் சென்னையிலேயே வாங்குவதா, டாலராகக் கொண்டுபோவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "புது நூறு டாலர் நோட்டாக எடுத்துட்டுப் போங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது.

பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியே வரும் தளத்தில் மாற்றாமல், கீழே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கவுண்டர்களுக்குப் போனோம். ஒரே கட்டடம்தான், ஆனால் ரேட்டில் நல்ல வித்தியாசம். பாஸ்போர்ட் கேட்டார்கள்.

எதிர்பாராதது: 20 டாலர் நோட்டுக்கு ரேட் குறைவு. ஓரத்தில் பேனாக் கீறல் இருந்த ஒரு நூறைத் திருப்பியே தந்துவிட்டார்கள். சென்னையில் டாலர் வாங்கும்போதே ஒவ்வொரு நோட்டையும் விரித்துப் பாருங்கள்.

அப்புறம், ஏடிஎம்மில் ஒரு தடவை எடுத்ததற்கு 220 பாட் கட்டணம் பிடித்தார்கள். ரூபாயில் கணக்கிடவா என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, பாட் கணக்கிலேயே எடுங்கள்.