இம்யூனோதெரபி எடுப்பவர்கள் நம் மருந்தகத்துக்கு வரும்போது: எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

ஈசூன் டாக்டர்:
வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சின்ன மருந்தகம் நடத்துகிறேன். எம்.பி.பி.எஸ். முடித்தது 1998-இல். நான் படித்தபோது புற்றுநோய் மருந்து என்றால் வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்லும், முடி கொட்டும், வெள்ளணு குறையும். அவ்வளவுதான்.

போன மாதம் அறுபதை ஒட்டிய ஓர் அம்மா வந்தார். நான்கு நாளாக வயிற்றுப்போக்கு. தேக்காவில் சாப்பிட்ட மீன் கறிதான் காரணம் என்று அவரே முடிவு கட்டியிருந்தார். வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்றேன், இல்லை என்றார். போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை எழுதி, மருந்துப் பையில் பெயர்கூட ஒட்டியாகிவிட்டது. கைப்பையில் காசு தேடும்போது ஒரு சின்ன அட்டை கீழே விழுந்தது. பெம்ப்ரோலிசுமாப் எடுப்பவர் என்று அதில் இருந்தது. அது இம்யூனோதெரபி, அதாவது உடலின் நோய் எதிர்ப்புச் செல்களையே புற்றுநோய்மீது ஏவிவிடும் மருந்து. நுரையீரல் புற்றுநோய். "அது மருந்து இல்லையே டாக்டர், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுகிற சொட்டுதானே" என்றார். அன்றே அவருடைய புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பினேன். அந்த மருந்தின் பக்கவிளைவாகப் பெருங்குடல் அழற்சி. இப்போது நலமாக இருக்கிறார்.

எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. சி.எம்.இ. (தொடர் மருத்துவக் கல்வி) புள்ளிகள் எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் கடைசியாகக் கேட்ட புற்றுநோய் உரை முழுக்க உயிர்வாழ்வு வரைபடங்கள்தான். மறுநாள் காலை என் மேசையில் பயன்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்வதா, உயிரியலிலிருந்து தொடங்குவதா?

வார்டு தாதி:
டாக்டர், நான் புற்றுநோய்ப் பிரிவில் 14 ஆண்டாகத் தாதி. முதலில் கேள்வியை மாற்றுங்கள். "மருந்து சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டால் மாத்திரையைத்தான் நினைப்பார்கள். "இந்த ஒரு வருடத்தில் ஊசி, சொட்டு ஏதாவது ஏற்றினார்களா?" என்று கேளுங்கள். சிகிச்சையை நிறுத்திப் பல மாதம் கழித்தும் இந்தப் பக்கவிளைவு வரும்.

அப்புறம், ஒரு நாளில் எத்தனை முறை போகிறது என்பதைவிட வழக்கத்தைவிட எத்தனை முறை கூடுதல் என்பதுதான் கணக்கு. 4 முதல் 6 வரை கூடினால் தீவிரத்தில் இரண்டாம் நிலை, 7-ஐத் தொட்டால் மூன்றாம் நிலை. இரண்டாம் நிலை வந்தாலே எங்களைக் கூப்பிடுங்கள். லோபரமைடு கொடுத்துவிட்டால் எண்ணிக்கை குறைந்து, உள்ளே நடக்கும் அழற்சி மறைந்துபோகும்.

பயிற்சி மருத்துவர்:
உயிரியலிலிருந்தே தொடங்குங்கள் சார். டி செல் நோய் எதிர்ப்புச் செல். அதன்மேல் இருக்கும் பி.டி.-1 என்ற புரதம் ஒரு பிரேக். கட்டி பி.டி.எல்.-1 என்ற தன் புரதத்தின் மூலம் அந்தப் பிரேக்கை மிதித்துக்கொண்டு தப்பிக்கிறது. பெம்ப்ரோலிசுமாப் அந்தக் காலை எடுத்துவிடுகிறது. இப்படிப் பிரேக்கை விடுவித்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் வழியைக் கண்டறிந்ததற்காகத்தான் 2018-இல் ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் நோபெல் பரிசு. பிரேக் போனால் டி செல் கட்டியோடு நிற்காது. குடல், தைராய்டு, நுரையீரல், பிட்யூட்டரி எங்கும் போகும். இது புரிந்தால் பட்டியல் தேவையில்லை. ஏன் ஸ்டீராய்டு கொடுக்கிறோம் என்பதும் தானாகவே விளங்கும்.

கீமோ, அதாவது நீங்கள் படித்த அந்தப் பழைய வகை, வேறு. அதில் 7 முதல் 14 நாளில் வெள்ளணு அடிமட்டத்துக்குப் போகும். அப்போது காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால் பனடோல் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் நேரே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

அடுத்து ஈ.ஜி.எஃப்.ஆர். படியுங்கள். செல்லை வளரச் சொல்லும் ஏற்பி அது. புகைபிடிக்காத ஆசியர்களின் நுரையீரல் புற்றுநோயில் அந்த ஏற்பியின் மரபணு மாற்றம் அதிகம், அதனால் அதைத் தடுக்கும் ஓசிமெர்டினிப் மாத்திரை எடுப்பவர்கள் உங்களிடமும் வருவார்கள். தோலிலும் அதே ஏற்பி இருப்பதால் முகத்தில் பரு, நகக்கண்ணில் புண். அதைப் பூஞ்சைத் தொற்று என்று நினைத்துவிடாதீர்கள்.

ஈசூன் டாக்டர்:
இருவருக்கும் நன்றி. பதிவுத் தாளில் அந்தக் கேள்வியை இன்று காலையே சேர்த்துவிட்டோம். பிற்பகலில் ஒருவர் "ஆம்" என்று குறித்தார்! பெம்ப்ரோலிசுமாப் போலவே பி.டி.-1 பிரேக்கை விடுவிக்கும் நிவோலுமாப் முடித்து ஐந்து மாதம். ஒரு வாரமாகச் சோர்வு, ரத்த அழுத்தம் 94/60. முந்தாநாள் வேறோர் இடத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டுவந்தார். சோடியம் குறைந்து 128, தைராய்டு ஹார்மோன் டி4 குறைவு, ஆனால் தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச். ஏறவில்லை. தைராய்டு ஹார்மோன் மாத்திரை தைராக்சின் தொடங்கலாமா?

பயிற்சி மருத்துவர்:
வேண்டாம் சார். டி4 குறைந்தும் டி.எஸ்.எச். ஏறவில்லை என்றால் அதைச் சுரக்கும் பிட்யூட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசோலும் குறைந்திருந்தால் தைராக்சின் முதலில் கொடுப்பது ஆளைச் சாய்த்துவிடும். ஸ்டீராய்டு முதலில், தைராக்சின் பிறகு. இந்த அழுத்தத்தோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள், இப்போதே மருத்துவமனைக்கு.

ஈசூன் டாக்டர்:
அவருடைய பிரிவில் பேசிவிட்டேன், அவசரப் பிரிவில் காத்திருப்பார்கள். கடிதத்தில் முதல் வரியே நிவோலுமாப்தான். மகன் டாக்சியில் கூட்டிப்போகிறார்.