மறு: கார் இஞ்சினின் டைமிங், ஐட்லிங் – தமிழ்க் கலைச்சொல் பரிந்துரை

ஐயா, வணக்கம்.

> டைமிங் = காலக்கணிப்பு, ஐட்லிங் = செயலற்ற இயக்கம். இப்படி வைத்துக்கொள்ளலாமா?

இரண்டுமே ஒட்டவில்லை ஐயா. ஐட்லிங்கில் இஞ்சின் எங்கே செயலற்றுக் கிடக்கிறது? அண்ணா சாலை சிக்னலில் நியூட்ரலில் நிற்கும்போதுகூட நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று சுற்றுகிறது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது, ஏசியையும் இழுக்கிறது. மே மாதத்தில் அங்கே மாட்டிக்கொண்டவர்கள் அதைச் செயலற்றது என்று சொல்ல மாட்டார்கள். வண்டி நிற்கிறது, இஞ்சின் ஓடுகிறது. ‘நின்றோட்டம்’ எப்படி?

டைமிங்தான் பெரிய சிக்கல். பழைய கார் வாங்கியவரிடம் மெக்கானிக் ‘டைமிங் அவுட் சார்’ என்றால், அது இரண்டு வெவ்வேறு கோளாறுகளில் ஒன்றாக இருக்கலாம். ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால் தமிழிலும் அதே குழப்பம்தான் மிஞ்சும்.

முதலாவது, தீப்பொறி. பெட்ரோல் கலவை எரிந்து அழுத்தம் ஏறச் சற்று அவகாசம் வேண்டும். அதனால் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு முன்பே பொறி விழ வேண்டும். எவ்வளவு முன்பு என்பதை கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சுழலும் டிகிரியில் சொல்கிறார்கள், நொடியில் அல்ல. 800 சுற்றில் 10 டிகிரி என்பது சுமார் 2 மில்லிவினாடி. 4000 சுற்றில் அதே 10 டிகிரி அரை மில்லிவினாடிகூட வராது. ஆகவே காலம், நேரம் என்று தொடங்கும் எந்தச் சொல்லும் இங்கே வழி தவறவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைபோட்டு அனுப்பும் கருவி) வைத்த பழைய வண்டியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதல் சிலிண்டரின் பிளக் ஒயரில் டைமிங் லைட்டை (பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு) கவ்வவிட்டு, புல்லியின் மேல் வெளிச்சம் அடித்தால், சுழலும் கோடு நின்றுவிட்டதுபோலத் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி லேசாகத் திருப்பினால் அந்தக் கோடு முன்னும் பின்னும் நகரும். பட்டறையில் அட்வான்ஸ், ரிடார்ட் என்பது இதைத்தான். எனவே ‘பொறிமுந்தல்’, ‘பொறிப்பிந்தல்’. மிகவும் முந்தினால் மேட்டில் ஏறும்போது இஞ்சின் தட்டும். பிந்தினால் இழுவை போய்ச் சூடேறும்.

இரண்டாவது, கிராங்கையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைக்கும் பெல்ட் அல்லது செயின். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. பெல்ட் ஒரு பல் தாண்டிவிட்டால் வால்வுகள் தவறான இடத்தில் திறந்து மூடும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) குறையும். அறுந்தே போனால், பல இஞ்சின்களில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். செலவு எங்கேயோ போய் நிற்கும். இதற்கு ‘வால்வு இசைவு’ என்கிறேன். கோளாறுக்குப் பட்டறையின் ‘பல் தாண்டல்’ போதும், புதிதாக எதுவும் வேண்டாம். (வால்வுக்குத் தமிழ் தேட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். போன முறை அந்த விவாதம் எங்கே போய் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.)

இப்போதைய கார்களில் திருப்புவதற்கு டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை. முந்தலை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட வண்டிக்கு ‘டைமிங் செட் பண்ணணும்’ என்று யாராவது சொன்னால், எந்த டைமிங் என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

இன்னொரு சொல்லும் வேண்டும். உதறலுக்கெல்லாம் டைமிங்கே காரணம் என்பதில்லை. இன்டேக் பக்கம் (இஞ்சினுக்குக் காற்று போகும் வழி) ரப்பர் ஹோஸில் ஒரு வெடிப்பு இருந்தாலும் போதும். டயரில் காற்று வெளியே போகும். இங்கே உள்ளே வரும், காற்றை அளக்கும் சென்சாரின் கணக்கில் சேராமல். நின்றோட்டத்தில் திராட்டில் (காற்றை அளந்துவிடும் கதவு) கிட்டத்தட்ட மூடியிருப்பதால், இந்தக் கூடுதல் காற்றின் பங்கு அதிகம். 2000 சுற்றுக்கு ஏற்றினால் உதறல் அடங்கிவிடும். ‘காற்றுக் கசிவு’ என்றால் திசை மாறிவிடுகிறது. ‘கள்ளக்காற்று’ என்பேன்.

—

தம்பிக்கு,

கள்ளக்காற்று பிரமாதம், அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். பொறிமுந்தலும் சரி. நின்றோட்டம் மட்டும் இடிக்கிறது. ஏற்காட்டிலிருந்து நியூட்ரலில் இறங்கும் வண்டி (இறங்கக் கூடாது, அது வேறு விஷயம்) நிற்கிறதா என்ன? ‘வெற்றோட்டம்’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

அப்புறம், உதறல் என்று பொதுவாகச் சொல்வதிலும் எனக்குத் தயக்கம். இஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் போன வண்டியும் உதறும். ஆனால் ஆர்பிஎம் முள் 800-இல் ஆடாமல் நிற்கும். மிஸ் அடிக்கும் (ஏதாவதொரு சிலிண்டர் சரியாக எரியாத) வண்டியில் முள்ளே ஆடும். இரண்டுக்கும் ஒரே பெயரா?

—

ஐயா, ஏசி போட்டிருக்கும்போது சுமை இருக்கிறதே, அது எப்படி வெற்று ஆகும்? மலை இறக்கத்துக்காக நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. முள் விஷயம் நியாயம். ஸ்டியரிங்கில் கைக்குத் தெரிவது ‘உதறல்’, முள்ளில் தெரிவது ‘சுற்றுத் தடுமாற்றம்’ என்று பிரித்துவிடலாமா? பட்டறைக்காரர்கள் யாராவது குழுவில் இருந்தால் சொல்லுங்கள்.