வைரஸை அழிக்கும் மரபணு புற்றுநோய்க்கும் காரணமா?

வாணியம்பாடி வாசகன்:
“வைரஸை அழிக்க உதவும் மரபணுக்களே புற்றுநோய்க்கும் வழி திறக்கின்றன” என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். என் அப்பா 30 ஆண்டுகள் தோல் பதனிடும் ஆலையில் உழைத்தவர்; 61 வயதில் நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். தீங்கானதை இயற்கைத் தேர்வு கழித்துவிடும் என்றுதான் படித்திருக்கிறோம். எதிரி உடம்புக்குள்தான் என்றால் கழிவைக் கொட்டியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். இதை ஏற்க மாட்டேன்.

காட்பாடி ஆய்வகத்துக்காரி:
எழுதியவள் நான்தான், அண்ணா. அபோபெக்3 என்றொரு நொதிக் குடும்பம் உண்டு. வைரஸின் டிஎன்ஏவில் சைட்டோசின் என்ற எழுத்தை யூராசிலாக மாற்றிவிடும். செய்தி சிதைந்த வைரஸ் பெருக முடியாது. இந்த நொதிகளை உருவாக்கும் மரபணு எலிக்கு ஒன்றுதான், நமக்கு ஏழு. 1986இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்று நம் வேலூர் சிஎம்சியில்தான் தெரியவந்தது. அந்த வைரஸ் விஃப் என்ற புரதத்தைக் கொண்டு அந்த ஏழில் ஒன்றான அபோபெக்3ஜி நொதியை அழிக்கிறது. வைரஸ் மாற நொதி மாற, இந்தப் போர் குரங்கினங்களில் பல பத்து லட்சம் ஆண்டுகளாக நடக்கிறது.

இதே குடும்பத்தின் 3ஏ, 3பி இரண்டும் சில சமயம் நம் டிஎன்ஏவிலேயே கை வைத்துவிடுகின்றன. தைமின் என்ற இன்னோர் எழுத்தை அடுத்து நிற்கும் சைட்டோசினையே குறிவைப்பதால் தடம் தெரிந்துவிடும். சிறுநீர்ப்பை, கருப்பை வாய், மார்பகக் கட்டிகள் பலவற்றில் அந்தத் தடம் இருக்கிறது.

ஆரணி தமிழாசிரியர்:
இவ்வளவு ஆபத்தான ஒன்றை இயற்கை ஏன் விட்டுவைத்தது, அம்மா? தம்பி கேட்பதும் அதுதானே?

காட்பாடி ஆய்வகத்துக்காரி:
ஐயா, பெரும்பாலான புற்றுநோய்கள் பிள்ளை பெற்று வளர்த்த வயதுக்குப் பிறகு வருகின்றன. அதற்குள் மரபணு அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. வைரஸோ தொட்டில் பிள்ளையையே கொண்டுபோய்விடும்.

ஆரணி தமிழாசிரியர்:
அப்படியானால் 3பி இல்லாதவர்களுக்குப் புற்றுநோய் குறைய வேண்டுமே?

காட்பாடி ஆய்வகத்துக்காரி:
நான் திகைத்துப்போன இடம் இது. அந்த மரபணு விடுபட்டவர்கள் பசிபிக் தீவுகளில் மிக அதிகம், கிழக்காசியாவிலும் கணிசம், ஆப்பிரிக்காவில் அரிது. சீனப் பெண்களிடம் நடந்த ஆய்வில், அது விடுபட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து கூடுதலாகவே இருந்தது! 3பி விடுபடும்போது அதன் வால் பகுதி மட்டும் 3ஏவுடன் ஒட்டிக்கொள்கிறது. அதனால் 3ஏ கூடுதலாக உருவாகிறது என்பது ஒரு விளக்கம். நல்ல மரபணு, கெட்ட மரபணு என்று பிரித்துப் பேசுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

வாணியம்பாடி வாசகன்:
தோலில் ஒட்டிய சதையைச் சீவும் கத்திக்கு இரு பக்கமும் பிடி இருக்கும். ஈரத்தோல் வழுக்கி, அந்தக் கத்தி அப்பாவின் உள்ளங்கையில் மூன்று தழும்புகளை விட்டுச் சென்றிருந்தது. கத்தியை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. கையுறை தராததைத்தான் சொன்னார். நீங்களோ கத்தியைப் பற்றியே பேசுகிறீர்கள். குரோமியத்தை என்ன செய்வது?

காட்பாடி ஆய்வகத்துக்காரி:
நியாயமான கேள்வி. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். நுரையீரல் புற்றுநோய் தருவதாக உறுதியானது ஆறு இணைதிறன் கொண்டது. ராணிப்பேட்டையில் குவிந்த குரோமேட் கழிவில் இருப்பது அதுதான். அப்பாவின் நோய்க்கு எது காரணம் என்று இங்கே உட்கார்ந்து நான் சொல்ல முடியாது. ஆனால், புகைப்பவர்களின் நுரையீரல் கட்டிகள் பலவற்றில் புகையிலையின் தடம் முதலில் விழுகிறது, அபோபெக் தடம் பின்னால் வருகிறது. வெளியிலிருந்து வந்த நஞ்சு தொடங்கிவைத்ததை உள்ளிருக்கும் நொதி வளர்த்துவிடுகிறது. ஆகவே கொட்டியவர்களை என் வாதம் விடுவிக்கவில்லை.

கருப்பை வாயில் தொடங்கிவைப்பதே ஹெச்பிவி வைரஸ்தான். அதன் இ6 புரதம் 3பியைத் தூண்டிவிடுகிறது. ஹெச்பிவிக்குத் தடுப்பூசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது.

வாணியம்பாடி வாசகன்:
என் மகளுக்கு 11 வயது. போட்டுவிடுகிறேன். ஆனால் அவள் குடிப்பது எங்கள் கிணற்றுத் தண்ணீர். அதை எங்கே பரிசோதிப்பது?

ஆரணி தமிழாசிரியர்:
குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள், தம்பி. குரோமியம் பார்க்க வேண்டும் என்று மனுவில் தனியாக எழுதுங்கள்.