‘உங்கள் கடைப் பெயரை வேறொருவர் கேட்கிறார்’ என்று போன் வந்தால்

ஹாரோவிலிருந்து ஒரு தம்பி கேட்டது:

“வணக்கம். லண்டன் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. மனைவி டிபெண்டன்ட் விசாவில் இருக்கிறார். அவர் பெயரில் வீட்டிலிருந்தே சின்னதாகக் கேட்டரிங் ஆரம்பித்தோம். லிமிடெட் கம்பெனியாகப் பதிந்து மூன்று வாரம்தான். நேற்று ஒரு போன். எங்கள் கம்பெனிப் பெயரில் டாட் காம், டாட் யூகே என்ற இரண்டு வெப்சைட் முகவரிகளையும் வேறொருவர் பதியக் கேட்டிருக்கிறாராம். பெயர் எங்களுடையது என்பதால் முதல் உரிமை எங்களுக்காம், அதனால்தான் கூப்பிடுகிறார்களாம். இன்று மாலை வரை நிறுத்தி வைப்பார்களாம். பத்து வருடத்துக்கு 340 பவுண்டு. மனைவி பயந்துபோய் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். கட்டலாமா?”

கட்டாதீர்கள் தம்பி. திரும்பக் கூப்பிட்டாலும் எடுக்க வேண்டாம். அவசரத்துக்கு இவ்வளவு போதும். மீதி கொஞ்சம் நீளம், சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நானே இதில் ஏமாந்தவள். 2019 ஜூன் மாதம். ஈஸ்ட் ஹாமில் வீட்டு முன்னறையில்தான் அப்போது பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாண ஆர்டர், பதினோரு பிளவுஸ், சனிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். பட்டுத் துணியில் கழுத்து வெட்டும்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெட்டிக்கொண்டே பேசினேன். மரியாதையான குரல், அழகான ஆங்கிலம். என் கடைப் பெயரைத் தப்பில்லாமல் உச்சரித்தான். அதிலேயே பாதி விழுந்துவிட்டேன். நம் பெயரை ஒழுங்காகச் சொல்கிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்?

“உங்களிடம் டாட் கோ டாட் யூகே இருக்கிறது. அதே பெயரில் டாட் யூகே வாங்குவதற்கு உங்களுக்கு இருக்கும் உரிமை ஜூன் 25-ஆம் தேதியோடு முடிகிறது. இன்னொருவர் வரிசையில் நிற்கிறார்” என்றான். யார் என்று கேட்டேன். “சொல்லக் கூடாது. ஆனால் அவரும் தையல் தொழில்தான்” என்றான். அங்கேதான் கத்திரிக்கோலைக் கீழே வைத்தேன். இரண்டு தெரு தள்ளி இன்னொரு அக்கா தைக்கிறார், அவராகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பாவம், அவருக்கு வெப்சைட் என்றால் என்னவென்றே தெரியாது. 240 பவுண்டு, வாட் சேர்த்து 288. டெபிட் கார்டு நம்பரைச் சத்தமாகப் படித்துச் சொன்னேன், பின்னால் இருக்கும் மூன்று இலக்கம் உட்பட.

இதில் கொடுமை என்ன தெரியுமா, அவன் சொன்ன தேதி பொய்யில்லை. டாட் யூகே என்று முடியும் பெயர்களை நிர்வகிப்பது நாமினெட் என்ற அமைப்பு. நடுவில் ‘கோ’ இல்லாத வெறும் டாட் யூகே பெயர்களை அவர்கள் 2014 ஜூன் 10-ல் திறந்துவிட்டார்கள். அதற்கு முன்பே டாட் கோ டாட் யூகே வைத்திருந்தவர்களுக்காக அதே பெயரை ஐந்து வருடம் ஒதுக்கி வைத்தார்கள். அந்தக் கெடுதான் 2019 ஜூன் 25. நான் என் பெயரை வாங்கியதே 2017-ல். எனக்கும் அந்தக் கெடுவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அன்று சாயங்காலம் நானே உட்கார்ந்து தேடியிருந்தால் பத்து பவுண்டுக்குள் முடிந்திருக்கும். நமக்கு இந்தப் பெயர்களை விற்கும் கம்பெனிகளுக்கு ரெஜிஸ்ட்ரார் என்று பெயர்; நாமினெட் அவர்களிடம் வாங்கும் மொத்த விலை அப்போது வருடத்துக்கு 4 பவுண்டுக்கும் கீழே. 2020-ல் கூட்டியபோதே 3.90 பவுண்டுதான்.

சிட்னியில் இருக்கும் என் சித்தி மகனுக்கும் இதே கதை. அங்கே 2022 மார்ச் 24-ல் வெறும் டாட் ஏயூ வந்தது. டாட் காம் டாட் ஏயூ வைத்திருந்தவர்கள் முன்னுரிமை கேட்க செப்டம்பர் 20 வரை நேரம். அந்த ஆறு மாதமும் அவன் கடைக்கு இப்படிப் போன் வந்துகொண்டே இருந்தது. உண்மையான ஒரு தேதி கிடைத்தால் இவர்களுக்குக் கொண்டாட்டம். கிடைக்காவிட்டால் “இன்று மாலை வரை” என்று அவர்களே ஒன்றை உண்டாக்கிக்கொள்வார்கள், உங்களுக்குச் சொன்னது போல.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டொமைன் பெயர், அதாவது வெப்சைட் முகவரி, முந்தியவருக்கே. யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கார்டு இருந்தால் இரண்டு நிமிட வேலை. அப்படியிருக்க, உங்கள் பெயரை நிஜமாகவே ஒருவருக்கு வாங்க வேண்டுமென்றால் எதற்கு ஒரு கம்பெனிக்குப் போன் போட்டு விண்ணப்பித்துவிட்டு, உங்கள் பதிலுக்காக மாலை வரை காத்திருக்கப் போகிறார்? வாங்குகிறவர் வாங்கிவிட்டுப் போயிருப்பார். உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று எந்த ரெஜிஸ்ட்ராருக்கும் கடமை இல்லை. கம்பெனிப் பெயரைப் பதிந்துவிட்டதாலேயே அதே டொமைனில் உங்களுக்கு முதல் உரிமையும் வந்துவிடாது. கம்பெனிஸ் ஹவுஸ் (கம்பெனிகளைப் பதியும் அரசு அலுவலகம்) வேறு, டொமைன் வேறு.

“புதுக் கம்பெனி என்று எப்படித் தெரிந்தது” என்று உங்கள் மனைவி கேட்டதாகத் தனியாக எழுதியிருந்தீர்கள். கம்பெனிஸ் ஹவுஸில் பதிந்த அன்றே கம்பெனிப் பெயர், டைரக்டர் பெயர், ரெஜிஸ்டர்டு ஆபீஸ் முகவரி எல்லாம் ஊருக்கே தெரியும்படி ஆன்லைனில் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். போன் நம்பர் அதில் இருக்காது. அதை உங்கள் ஃபேஸ்புக் பக்கத்திலோ, கூகுள் மேப்பிலோ, பிரியாணி ஆர்டருக்கு என்று ஒட்டிய நோட்டீஸிலோ எடுத்திருப்பார்கள். இதில் மாயம் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் இதில் விழுவது முட்டாள்தனத்தால் இல்லை. வந்து இறங்கியதிலிருந்து முக்கியமான விஷயம் எல்லாமே இந்த மாதிரி ஒரு குரலில்தான் வருகிறது. ஜிபி, கவுன்சில், ஸ்கூல், பேங்க், எல்லாரும் மரியாதையாகப் பேசி, கெடு வைத்து, ரெஃபரன்ஸ் நம்பர் கொடுக்கிறவர்கள். உங்கள் மனைவி சமையல் தொழிலைக் கவுன்சிலில் பதிந்திருப்பார் (ஆரம்பிப்பதற்கு 28 நாள் முன்னால் பதிய வேண்டும், பதியாவிட்டால் இன்றைக்கே பதியுங்கள், காசு கிடையாது). அங்கிருந்து போன் வந்திருக்கும், இன்ஸ்பெக்ஷன் என்றிருப்பார்கள். அடுத்த வாரம் அதே தொனியில் இன்னொருவன் பேசினால் இவனும் ஏதோ ஆபீஸ்தான் என்று தோன்றாதா?

இனித் தெரியாமல் எடுத்துவிட்டால் ஒரே வரி: “ப்ளீஸ் சென்ட் இட் இன் ரைட்டிங்.” சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். எதற்கும் “யெஸ்”, “ஓகே” வேண்டாம். நாம் பேச்சுக்கு நடுவே “ஓகே, ஓகே” என்று உம் கொட்டுவோமே, அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு வாய்மொழி ஒப்பந்தம் என்று பில் அனுப்புகிறவர்களும் உண்டு. ஆன்லைனில் சட்டை வாங்கினால் 14 நாளில் வேண்டாம் என்று சொல்லலாம் இல்லையா, அந்த உரிமை சாதாரண நுகர்வோருக்குத்தான். தொழிலுக்காக வாங்கியதற்கு அது கிடையாது. இது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் சின்னக் கடைகளாகப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள்.

போனை வைத்ததும் நீங்களே பாருங்கள். டாட் யூகே என்றால் நாமினெட் தளத்திலேயே தேடலாம், டாட் காம் என்றால் ஐகேன் (உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பு) தளத்தில். பெயர் காலியா, எடுத்திருந்தால் எந்த ரெஜிஸ்ட்ரார் மூலம், எந்தத் தேதியில் என்று காட்டும். வேண்டுமென்றால் பெயர் தெரிந்த ஒரு ரெஜிஸ்ட்ராரிடம் நீங்களே வாங்குங்கள். முதல் வருடம் ஒரு பவுண்டு என்று விளம்பரம் இருந்தால் இரண்டாம் வருட விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வாங்கும்போது உரிமையாளர் இடத்தில் உங்கள் கம்பெனிப் பெயர் இருக்கட்டும். வெப்சைட் செய்து தருகிற பையன் பெயரில் போட்டுவிட்டுப் பிறகு அவனைத் தேடி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டாட் கோ டாட் யூகே, டாட் யூகே, கிடைத்தால் டாட் காம். என்னைக் கேட்டால் சின்னத் தொழிலுக்கு இது தாராளம். டாட் பிஸ், டாட் ஷாப், டாட் நெட் என்று ஒவ்வொரு வாலுக்கும் பயந்து வாங்க ஆரம்பித்தால் அதற்கு முடிவே இல்லை.

கீழே கமென்டில் ஒருவர்: “அக்கா, நான் ஏற்கெனவே கட்டிவிட்டேன். 400 பவுண்டு. என்ன செய்வது?”

எப்படிக் கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. முதலில் பேங்கைக் கூப்பிடுங்கள். 159 என்று அடித்தால் பெரும்பாலான பேங்குகளுக்கு நேரடியாக இணைத்துவிடுவார்கள். கார்டில் கட்டியிருந்தால் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைக் கார்டு வழியே திருப்பி வாங்குவது, கேளுங்கள். கிரெடிட் கார்டு, வாங்கிய பொருள் 100 பவுண்டுக்கு மேல், நீங்கள் சோல் டிரேடர் (கம்பெனியாகப் பதியாமல் தனி ஆளாகத் தொழில் செய்கிறவர்) என்றால் செக்‌ஷன் 75 என்ற, விற்றவரோடு கார்டு கம்பெனியும் பொறுப்பு என்கிற சட்டப் பிரிவையும் சொல்லிக் கேட்கலாம். லிமிடெட் கம்பெனிக்கு அது பொருந்தாது. பேங்க் டிரான்ஸ்ஃபர் என்றால் 2024 அக்டோபர் 7 முதல் ஒரு விதி இருக்கிறது. மோசடியில் ஏமாந்து அனுப்பிய பணத்தை 85,000 பவுண்டு வரை பேங்க் திருப்பித் தர வேண்டும், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் குட்டிக் கம்பெனிகளுக்கும் சேர்த்து.

ஆனால் ஒரு சிக்கல். என் விஷயத்தில் அவன் டொமைனை நிஜமாகவே பதிந்து கொடுத்துவிட்டான். அதனால் பேங்க், “பொருள் வந்துவிட்டது, விலை அதிகம் என்பது உங்களுக்குள் உள்ள வியாபாரத் தகராறு” என்று கையை விரித்துவிட்டது. நானும் “ஏமாந்துவிட்டேன், விலை அதிகம்” என்றுதான் திரும்பத் திரும்பப் புலம்பினேன். வேறொருவர் வாங்க வருகிறார் என்று பொய் சொல்லி விற்றான் என்பதை முதலிலேயே, எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். போன் வந்த தேதி, நேரம், அவன் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் மறப்பதற்குள் எழுதி வையுங்கள்.

டொமைன் அவர்கள் கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தால், அந்த டாட் யூகே பெயரை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் நேராக நாமினெட்டுக்கு எழுதுங்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. 288 பவுண்டு மட்டும் போனது போனதுதான்.

இன்னொருவர்: “நான் கட்டவில்லை. இப்போது கலெக்‌ஷன் ஏஜென்சி என்று லெட்டர் வருகிறது. விசா புதுப்பிக்க வேண்டிய நேரம். பயமாக இருக்கிறது.”

ஒரு தனியார் கம்பெனி அனுப்பும் பில்லுக்கும் உங்கள் விசாவுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த லெட்டர் வெறும் லெட்டர், வீட்டுக்குள் வர அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. நான் எதற்கும் சம்மதிக்கவில்லை, இந்தக் கடனை ஏற்கவில்லை என்று ஒரே ஒருமுறை ஈமெயில் அனுப்பிவிட்டு விடுங்கள். ஆனால் கோர்ட்டிலிருந்தே கிளெய்ம் ஃபார்ம் வந்தால் மட்டும் தூக்கிப் போடாதீர்கள். இங்கிலாந்தில் 14 நாளுக்குள் பதில் போக வேண்டும். போகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பாகி ஆறு வருடம் உங்கள் கிரெடிட் ரெக்கார்டில் உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஏதாவது வந்தால் அன்றே சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்புக்குப் போங்கள்.

டொரொன்டோவிலிருந்து ஒருவர்: “உண்மையிலேயே ஒருத்தன் எங்கள் பெயரை எடுத்துவிட்டால்?”

அதுவும் நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. இங்கே நாமினெட்டிடமே தகராறு தீர்க்கும் வழி இருக்கிறது. சமரசப் பேச்சு வரை காசில்லை. அதற்கு மேல் நிபுணர் தீர்ப்பு என்றால் கட்டணம் உண்டு. டாட் காமுக்கு வைப்போ (ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பு) மூலம் போனால் 1,500 அமெரிக்க டாலரில் ஆரம்பம். ஆனால் அவன் கெட்ட எண்ணத்தோடுதான் எடுத்தான் என்று காட்ட வேண்டும். அதே பெயரில் நிஜமாகவே தொழில் செய்கிறவர் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் ஊர் டாட் சிஏ வாங்க கனடாவோடு தொடர்பு இருந்தாக வேண்டும். ஆகவே “வெளிநாட்டில் ஒருத்தன் உங்கள் டாட் சிஏ-யைக் கேட்கிறான்” என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடலாம்.

ஹாரோ தம்பிக்கு: நீங்கள் அனுப்பிய பெயரை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். மாலை வரைதான் நேரம் என்று சொல்லி இரண்டு நாளாகிவிட்டது. டாட் காம், டாட் யூகே, டாட் கோ டாட் யூகே மூன்றும் காலியாகத்தான் கிடக்கின்றன. இன்று ராத்திரி பாத்திரம் எல்லாம் கழுவி முடித்ததும் உட்கார்ந்து வாங்கிவிடுங்கள். உங்கள் கம்பெனிப் பெயரில் வரும் முருகன் என்பதை ஆங்கிலத்தில் எழுதியதில் உங்கள் வீட்டு நோட்டீஸில் ஒரு ‘யூ’ எழுத்து அதிகமாக இருக்கிறது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.